ஏட்டில் ஏறாத கணக்கு

நுழையும்முன்

எண்களைக் கூட்டிக் கழிப்பதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. எதனை ஏட்டில் எழுதுவது, எதனை எழுதாமல் விடுவது என்று முடிவு செய்வதும் கணக்கின் பகுதியே. மனிதர் யாவரும் தன்னலம் கருதி ஆராய்ந்து இயங்குபவர் என்னும் பொருளியல் எடுகோளை ஒரு தணிக்கையாளரின் கண்கொண்டு சோதித்தவர் ஜே. சி. குமரப்பா. தஞ்சையில் பிறந்து, இலண்டனிலும் நியூயார்க்கிலும் பயின்று, சிற்றூர்ப்புறக் குடிலில் வாழ்ந்த அவரது வாழ்வைக் கல்வராயன் மலையடிவாரத்தில் நின்று காண்கிறது இப்பாடம்.

மலையிலிருந்து ஒரு வினா

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகச் செல்லும் சாலை, கோமுகி அணைப்பக்கமாகச் சென்று கல்வராயன் மலைமேல் ஏறுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய இம்மலை, கள்ளக்குறிச்சி மாவட்டத்தோடு சேலம் முதலிய அண்டை மாவட்டங்களிலும் பரந்து கிடக்கிறது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட மலை வட்டத்தில் மலையாளி என்னும் பழங்குடியினரே பெரும்பான்மையினர். சாமையும் தினையும் கேழ்வரகும் அவர்கள் விளைப்பவை. புளி, கடுக்காய், தேன் ஆகியன காடு தருபவை.

தேன் எடுப்பதில் ஒரு வழக்கம் உண்டு. அடை முழுவதையும் அறுத்தெடுக்காமல் ஒரு பகுதியைத் தேனீக்களுக்கென விட்டுவைப்பர். காடு சார்ந்து வாழும் மக்கள் பலரிடமும் காணப்படும் வழக்கம் இது. அடுத்த பருவத்திலும் தேன் வேண்டும் என்னும் முன்னறிவுதானே இது, இதிலும் தன்னலம் இருக்கிறதே என்று மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், காட்டுமரம் தனியொருவருக்கு உரியதன்று. இன்று விட்டுவைத்த அடையை நாளை வேறொருவர் எடுத்துச் செல்லலாம். தம் ஆதாயத்தை மட்டும் கணக்கிடுபவர், பிறர் எடுக்குமுன் முழுவதையும் தாமே எடுத்துவிடுவதுதான் அறிவுடைமை என்று முடிவு செய்வார். விட்டுவைப்பவரோ, தம்மைப்போலவே பிறரும் விட்டுவைப்பர் என நம்புகிறார். அந்த நம்பிக்கையை வரவு வைக்க எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை.

பொருளியலைப் பாடமாகப் பயில்வோர் இவ்வாண்டே ஒரு விந்தையான மனிதனைச் சந்திக்கிறார்கள். அவனுக்குப் பெயரில்லை, ஊரில்லை, தாய் தந்தையர் இல்லை. வாங்கும்போது மிகுதியான மனநிறைவையும், விற்கும்போது மிகுதியான இலாபத்தையும் தவிர அவன் வேறெதையும் நாடுவதில்லை. தனக்கு எது நன்மை என்பதை அவன் எப்போதும் பிழையின்றி அறிவான். இவனைப் பொருளியல் மனிதன் என்பர். ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட நூலில், இறைச்சிக் கடைக்காரரும் ரொட்டி செய்பவரும் நம்மீது கொண்ட அன்பினால் அன்றித் தம் நலம் கருதியே நமக்கு உணவு தருகின்றனர் என்று காட்டினார். அதே ஸ்மித் 1759இல் எழுதிய மற்றொரு நூலில், பிறர் துயரைத் தம் துயராக உணரும் இயல்பு மனிதருக்கு உண்டு என விரிவாகப் பேசியிருந்தார். பின்வந்தோர் முதலில் சொன்ன நூலை ஏந்திக்கொண்டனர், மற்றதை மறந்தனர். ஜான் ஸ்டூவர்ட் மில் 1836இல் எழுதிய கட்டுரையொன்றில் இம்மனிதனுக்கு இலக்கணம் வகுத்தபோது, ஆய்வு வசதிக்காகச் செய்துகொண்ட கற்பனை இது என்பதையும் தெளிவாகவே கூறினார். நாளடைவில் கற்பனை என்னும் குறிப்பு உதிர்ந்துவிட்டது. கற்பனை மனிதனே உண்மை மனிதனாக நாற்காலியில் அமர்ந்துகொண்டான்.

அந்த நாற்காலியை அசைத்துப் பார்த்த தமிழரே குமரப்பா. அவர் வாழ்ந்த ஊர்கள் வேறு. கல்வராயன் மலை அவற்றுள் ஒன்றன்று. எனினும் அவர் எழுப்பிய வினாக்கள் இம்மலைக்கும் இதன் அடிவார ஊர்களுக்கும் நன்கு பொருந்துவன.

கணக்கர்

1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். தந்தையார் அரசின் பொதுப்பணித் துறையில் பணியாற்றினார். ஒழுங்கும் நேரந்தவறாமையும் தந்தையிடமிருந்தும், ஏழையர்பால் இரக்கம் தாய் எஸ்தர் இராஜநாயகத்திடமிருந்தும் அவருக்கு வாய்த்தன என்பர். சென்னையில் பள்ளிக்கல்வி முடித்தபின் கணக்குத் தணிக்கை பயில இலண்டன் சென்றார். முதல் உலகப்போரின் ஆண்டுகளை அந்நகரிலேயே கழித்தார். 1919இல் தாயகம் திரும்பி, சில ஆண்டுகளில் பம்பாயில் சொந்தமாகத் தணிக்கை நிறுவனம் நடத்தும் நிலைக்கு உயர்ந்தார்.

அக்காலத்து கொர்னேலியஸ், ஐரோப்பிய உடையும் ஐரோப்பிய நடையும் கொண்ட நகரத்துக் கனவான். நாட்டு விடுதலை இயக்கத்தில் அவருக்கு ஈடுபாடு இருந்ததாகத் தோன்றவில்லை. செல்வர்களின் வரவு செலவைச் சரிபார்த்துச் சான்றளிப்பதே அவர் தொழில். ஒன்றை இங்கே மனத்தில் இருத்த வேண்டும். தணிக்கையாளர் ஓர் ஏட்டைப் புரட்டும்போது அதில் எழுதியிருப்பதைப் படிப்பார். எழுதியிருக்க வேண்டியது விடுபட்டிருக்கிறதா என்றும் தேடுவார். பின்னாளில் ஒரு நாட்டின் கணக்கைப் படித்தபோதும் அவர் இதையே செய்தார்.

1927இல் அமெரிக்கா சென்ற அவர், சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மையில் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பொதுநிதி இயலில் பெரும்புலமை வாய்ந்த பேராசிரியர் எட்வின் செலிக்மனிடம் பயின்றார். அங்கே தேவாலயம் ஒன்றில், இந்தியா ஏன் வறுமையில் உழல்கிறது என்பது பற்றி அவர் ஆற்றிய உரை நாளிதழில் வெளிவந்தது. அதைப் பார்த்த செலிக்மன், அதே பொருளைப் பொதுநிதி நோக்கில் ஆராயுமாறு தம் மாணவரைத் தூண்டினார்.

ஆய்வில் இறங்கியவருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. பிரித்தானிய அரசு இந்தியரிடம் வரியாகத் திரட்டிய பணம் படைக்கும் கடனுக்கும் உயர் அலுவலர் ஊதியத்துக்குமே பெரிதும் சென்றது. வரி கொடுத்த உழவருக்குத் திரும்பி வந்தது சிறிதே. ஏடுகள் அனைத்தும் கூட்டல் பிழையின்றி இருந்தன. பிழை வேறிடத்தில் இருந்தது. ஏழையிடமிருந்து பெற்ற ஒரு ரூபாயும் செல்வரிடமிருந்து பெற்ற ஒரு ரூபாயும் ஏட்டில் ஒரே ரூபாய்தான். வாழ்விலோ, ஏழை இழக்கும் ரூபாய் ஒருவேளைக் கஞ்சி. செல்வர் இழக்கும் ரூபாய் கைவிரல் அழுக்கு. குறைந்து செல் பயன்பாட்டு விதியை நாம் ஆப்பிளையும் ஆரஞ்சையும் கொண்டு படிக்கிறோம். குமரப்பா அவ்வகை எண்ணத்தை ஒரு பேரரசின் வரவு செலவுத் திட்டத்தின்மீது செலுத்திப் பார்த்தார் எனலாம். பம்பாய்க் கனவான் நியூயார்க்கில் நாட்டுப்பற்றாளராக மாறியது இவ்வாறுதான். உணர்ச்சிமிக்க மேடைப்பேச்சு எதுவும் அவரை மாற்றவில்லை; எண்களே மாற்றின. அக்காலத்தையொட்டியே அவர் குடும்பத்தார் கொர்னேலியஸ் என்பதை நீக்கிக் குமரப்பா என்னும் முன்னோர் பெயரை ஏற்றனர்.

ஆற்றங்கரை மரத்தடி

தம் ஆய்வேட்டை நூலாக்க விரும்பிய குமரப்பா, அதனைக் காந்தியடிகளிடம் காட்டுமாறு நண்பர்கள் கூறியதால், 1929 மே 9 அன்று சபர்மதி ஆசிரமம் சென்றார். குறித்த நேரத்துக்குச் சற்று முன்பாகவே ஆற்றங்கரையில் உலவியபோது, மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் முதியவர் ஒருவர் நூல் நூற்றுக்கொண்டிருப்பதைக் கண்டார். இராட்டை சுழல்வதை அதற்குமுன் பார்த்திராத அவர், கைத்தடியில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்து நின்றார். சற்று நேரத்தில் அம்முதியவர் தலைநிமிர்ந்து, வந்திருப்பவர் குமரப்பாதானா என வினவிய பிறகே, தாம் காண வந்தவர் அவர்தான் என்பது விளங்கியது. பட்டு உடை கசங்குவதைப் பொருட்படுத்தாமல் குமரப்பா தரையில் அமர்ந்தார். எவரோ நாற்காலி கொண்டுவந்தபோதும் அவர் எழவில்லை.

ஆய்வேட்டைத் தம் இதழாகிய யங் இந்தியாவில் தொடராக வெளியிட இசைந்த காந்தியடிகள், கூடவே ஒரு வேலையையும் கொடுத்தார். குஜராத்தின் சிற்றூர்களை நேரில் கண்டு கணக்கெடுக்க வேண்டும். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது, சிற்றூரும் பழக்கமில்லை. குஜராத் வித்யாபீடத்தின் மாணவர்களைத் துணைக்கொண்டு கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தில் வீடுவீடாகச் சென்றார். நிலம், மழை, விளைச்சல், மாடு, கூலி, கடன், உணவு, உடை என யாவும் பதிவாயின. அவ்வறிக்கை 1931இல் நூலாக வெளிவந்தது. இந்தியச் சிற்றூர் ஆய்வுகளுள் அதற்கு முன்னோடி இடம் உண்டு.

மாத்தரில் அவர் கண்ட உழவர், பொருளியல் நூல் காட்டும் மனிதனுக்கு முற்றிலும் வேறானவர். தம் உழைப்புக்கும் தம் மனைவி மக்களின் உழைப்புக்கும் கூலி போட்டுப் பார்த்தால் பயிர்த்தொழில் இழப்பிலேயே முடியும் என்ற நிலையிலும் அவர் உழுதார். இழப்பென்று அறிந்தும் ஒருவர் ஏன் உழ வேண்டும்? அறிவின்மை என்று சொல்லிவிடுவது எளிது. ஆட்சியாளர் பலரும் அப்படித்தான் சொல்லிவந்தனர். ஆனால் அவருக்கு வேறு தொழிலுக்குச் செல்லும் வழி இல்லை. கடன் காலைக் கட்டியிருந்தது. மாட்டைப் பட்டினி போட மனம் ஒப்பவில்லை. முன்னோர் நிலத்தைத் தரிசாக விட மானம் இடங்கொடுக்கவில்லை. இவற்றுள் சில வறுமை விதித்த தளைகள். சில அன்பு விதித்தவை. தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாதவரைத் தேர்ந்தெடுப்பவர் என்று அழைப்பதுதான் அந்த எடுகோளின் பெரிய குறை.

நம் ஊர்ப்புறங்களில் நடவுக்கும் அறுவடைக்கும் ஒருவர் நிலத்தில் மற்றவர் மாற்றாளாக வேலை செய்யும் முறையும் இப்படித்தான். அங்கே பணம் கைமாறுவதில்லை. ஒருவர் வீட்டில் நோய் வந்து பதில் வேலைக்கு வர இயலாவிட்டால், அக்கடனை எவரும் வட்டியோடு கேட்பதில்லை.

ஒரு காசும் தவறாமல்

யங் இந்தியாவின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றதால் குமரப்பா சிறை சென்றார். 1931இல், இந்தியாவின்மீது பிரித்தானியா சுமத்தியிருந்த கடன்களுள் எவை நியாயமானவை என ஆராயக் காங்கிரசு அமைத்த குழுவில் பணியாற்றினார். மீண்டும் சிறை. விடுதலையான சிறிது காலத்தில், 1934 சனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. இராஜேந்திர பிரசாத் தலைமையிலான துயர்துடைப்புக் குழுவின் நிதிப்பொறுப்பு குமரப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

துயர்துடைப்பு நிதி துயருற்றோருக்கே உரியது என்பதில் அவர் அணுவளவும் தளரவில்லை. காந்தியடிகளும் அவருடன் வந்தோரும் பாட்னாவில் தங்கியபோது, அவர்களுடைய உணவுச் செலவையும் வண்டிச் செலவையும் அந்நிதியிலிருந்து தர இயலாது என்று கூறிவிட்டார். பிறரைத் திகைக்கவைத்த அந்த மறுப்பைக் காந்தியடிகள் முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியைக் குமரப்பாவின் நேர்மைக்குச் சான்றாகவே பலரும் கூறுவர். அதில் நம் பொருளுக்கு வேண்டிய செய்தியும் உள்ளது. அவர் கணக்கை இகழ்ந்தவர் அல்லர். அறிவார்ந்த ஆராய்ச்சியை வேண்டாம் என்றவரும் அல்லர். தன்னலத்தின் பொருட்டு மட்டுமே மனிதன் கூர்மையாகக் கணக்கிடுவான் என்ற கருத்தைத்தான் அவர் வாழ்வு பொய்யாக்கியது. தமக்கென ஒரு காசும் ஊதியமாகச் சேராத இடத்தில், முகமறியாத மக்களுக்காக, அவர் காசு காசாகக் கணக்குப் பார்த்தார்.

தேனீயின் பாடம்

1934 இறுதியில் அகில இந்தியக் கிராமத் தொழிற்சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் செயலாளராகி வார்தா சென்றார் குமரப்பா. செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், காகிதம், தேனீ வளர்ப்பு ஆகியவற்றில் ஆய்வும் பயிற்சியும் அங்கே நடந்தன. நேருவின் தலைமையில் 1938இல் காங்கிரசு அமைத்த தேசியத் திட்டக் குழுவில் இடம்பெற்றும், பெருந்தொழில்களை நோக்கியே அது செல்வதைக் கண்டு விரைவில் விலகிக்கொண்டார். 1942இன் போராட்டத்தையடுத்து மீண்டும் சிறைவாசம். ஜபல்பூர்ச் சிறையில்தான் அவர்தம் தலைசிறந்த நூல் உருவாயிற்று. நிலைபேற்றுப் பொருளாதாரம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். காந்தியடிகள் 1945இல் அதற்கு முன்னுரை வழங்கினார்.

மனிதன் எத்தகையவன் என்னும் வினாவுக்கு விடை தேடிக் குமரப்பா இந்நூலில் இயற்கையிடம் சென்றார். சில உயிர்கள் தாம் சார்ந்திருப்பதை அழித்தே வாழ்கின்றன. நகைக்காகக் குழந்தையைக் கொல்லும் கள்வனும் இவ்வினமே. இதனை ஒட்டுண்ணிப் பொருளாதாரம் என்றார். மாந்தோப்பில் புகும் குரங்கு மரத்தை அழிப்பதில்லை, ஆனால் விளைவித்ததும் இல்லை, உண்டுவிட்டுப் போய்விடுகிறது. இது பறித்துண்ணும் நிலை. பூவில் தேன் எடுக்கும் வண்டினம் எடுக்கும்போதே மகரந்தத்தைச் சேர்த்துப் பூ காயாக உதவுகிறது. உழுது விதைத்து அறுக்கும் உழவரும் பெறுவதற்கு ஈடாகத் தருகிறார். இது முயற்சிப் பொருளாதாரம். தேன்கூட்டினுள் நுழைந்து பார்த்தால் அடுத்த நிலை தெரியும். அங்கே எந்தத் தேனீயும் தனக்கெனச் சேர்ப்பதில்லை. கூடு முழுமைக்கும் சேர்க்கிறது. கூட்டுக்குடும்பத்தையும் ஊராண்மையையும் இதனோடு ஒப்பிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாகக் குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையை வைத்தார். குஞ்சு வளர்ந்து தனக்குத் திருப்பித் தரும் என்று தாய்ப்பறவை எண்ணுவதில்லை. அது தொண்டுப் பொருளாதாரம்.

இவ்வைந்தையும் விலங்கியல் வகைப்பாடாகக் கொள்ளக் கூடாது. விலங்குக்கு அதன் நிலை பிறப்பால் அமைகிறது. மனிதரோ இவற்றுள் எந்நிலையிலும் வாழ வல்லவர். ஒரே மனிதர் காலையில் ஒரு நிலையிலும் மாலையில் வேறு நிலையிலும் இருக்கக்கூடும். பொருளியல் மனிதன் பொய் என்று குமரப்பா சொல்லவில்லை. அவனைப் போன்றோர் உலகில் உண்டு. ஆனால் ஒரு படிநிலையை மனித இயல்பு முழுவதும் என்று கற்பித்தால், கற்போரும் அப்படியில் நின்றுவிடுவர் என்பதே அவர் அச்சம். வீட்டில் தாய்ப்பறவையாக இருப்பவர் கடையில் அமர்ந்ததும் வேறொருவராக மாறிவிடுவதை இயல்பென்று நாம் ஏற்றுக்கொண்டிருப்பது எவ்வளவு வியப்புக்குரியது!

இயற்கைப் பொருள்களையும் அவர் இருவகையாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை எடுக்க எடுக்கத் தீரும் தேக்கம். காடு, ஆறு, மண்வளம் ஆகியவை பேணினால் தொடரும் ஓட்டம். முன்னதை நம்பிய வாழ்வு போட்டியையும் போரையும் கொண்டுவரும் என்று அவர் கருதினார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நாள்களில், சிறையிலிருந்து எழுதப்பட்ட கருத்து இது. ஆனால் ஓட்டமும் தேக்கமாகிவிடக்கூடும். கல்வராயன் மலைக்காட்டை வெட்டித் தீர்த்தால் கோமுகியாற்றின் நீரை யார் தருவார்?

விலைச்சீட்டுக்குப் பின்னால்

குமரப்பாவின் கருத்துகளுள் மிகக் கடுமையானது, வாங்குவோர் கடமை பற்றியது. ஒரு பொருளுக்கு விலை கொடுத்தவுடன் நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அப்பொருள் எவ்வாறு உண்டாயிற்று, அதில் உழைத்தவர் எந்நிலையில் உள்ளார் என்று அறிவதும் வாங்குபவரின் அறம். திருட்டுப் பொருளை மலிவாக வாங்குபவர் திருட்டில் பங்கு கொள்வது போலவே, வயிற்றிலடித்துப் பெற்ற பொருளை வாங்குபவரும் அக்கொடுமையில் பங்கு கொள்கிறார். மலிவு எங்கே கிடைக்கிறதோ அங்கே வாங்குவதே அறிவுடைமை என்னும் பாடத்தை இக்கருத்து நேரெதிராகத் தாக்குகிறது.

இம்மலையின் பழைய கதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. நாடு 1947இல் விடுதலை பெற்றும் கல்வராயன் மலை ஊர்கள் 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் பிடியிலேயே இருந்தன. மலைமக்கள் அவர்களுக்கு வரி கொடுத்ததோடு, அவர்கள் நிலத்தில் கூலியின்றி உழைக்கவும் வேண்டியிருந்தது. அந்நாளில் அடிவாரச் சந்தையில் மலைப்பொருள் ஒன்றைப் பேரம்பேசி வாங்கியவருக்குத் தாம் கொடுத்த விலை மட்டுமே தெரியும். மலையில் கொடுக்கப்படாத கூலி அந்த விலைக்குள் ஒளிந்திருந்தது. வாங்கியவரும் விற்றவரும் தத்தம் நலம் நாடி மனமொத்துச் செய்த வணிகம் எனப் பொருளியல் நூல் இதனை ஏற்கும். மூன்றாமவர் அந்நூலில் வருவதே இல்லை.

குமரப்பா சிற்றூரை மிகவும் அழகாகக் கண்டார் என்று ஒரு குறை சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஊராண்மையும் கூட்டுக்குடும்பமும் தேன்கூட்டைப் போன்றவை என்றால், அக்கூட்டினுள் சிலர் தலைமுறை தலைமுறையாகக் கூலியற்று உழைத்ததை எப்படி விளக்குவது? ஆயினும் அவர் நிலவுடைமையின் கொடுமையை அறியாதவர் அல்லர். விடுதலைக்குப் பின் காங்கிரசு அமைத்த வேளாண் சீர்திருத்தக் குழுவுக்கு அவரே தலைவர். அரசுக்கும் உழுபவருக்கும் இடையில் நிற்கும் இடையீட்டாளர் அனைவரையும் நீக்கி, உழுபவருக்கே நிலம் உரியதாக வேண்டும் என 1949இல் அக்குழு பரிந்துரைத்தது. அப்பரிந்துரைக்குப் பின்னும் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கல்வராயன் மலை காத்திருந்தது.

சர்க்கரையைப் பற்றிய அவர் கருத்தும் கள்ளக்குறிச்சியினருக்கு அயலானதன்று. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இயங்கும் கரும்பு வட்டாரம் இது. நல்ல பாசன நிலத்தைக் கரும்புக்குக் கொடுப்பதைவிட, தரிசிலும் வரப்பிலும் தானே நிற்கும் பனையின் பதநீரைக் காய்ச்சி வெல்லமாக்குவதே மேல் என்று அவர் வாதிட்டார். ஊராருக்கு வேண்டிய சத்துணவு எவ்வளவு என்று முதலில் கணக்கிட்டு, அதற்கேற்ப நிலத்தைப் பயிர்களுக்குப் பங்கிட வேண்டும் என்பது அவர் திட்டம். சந்தை விலையைப் பார்த்துப் பயிரைத் தேர்வு செய்வதற்கு இது நேர்மாறானது. கரும்பு பயிரிட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோரிடம் இதைச் சொன்னால் எளிதில் ஒப்பமாட்டார். அவர் ஒப்பாததிலும் நியாயம் உண்டு. பனையேறுவோரின் கடும் உழைப்பை விரும்பி ஏற்பார் இன்று எத்தனை பேர்? ஆனால், எல்லாரும் தத்தம் நிலத்தில் இலாபப் பயிரையே இட்டால் ஊர் முழுவதற்குமான உணவுக்கும் நிலத்தடி நீருக்கும் யார் பொறுப்பு என்ற அவர் கேள்விக்கு இன்னும் சந்தை விடை தரவில்லை.

கல்லுப்பட்டிக் குடில்

அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே பொருளியலாளர் பலர் அந்த எடுகோளைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினர். மனிதரின் ஆராயும் ஆற்றல் வரம்புக்கு உட்பட்டது எனக் காட்டிய ஹெர்பர்ட் சைமன் 1978இல் நோபல் பரிசு பெற்றார். தன்னலத்தை மட்டும் பின்பற்றும் அறிவாளி உண்மையில் ஒரு சமூக மூடனே என்னும் கருத்துப்பட அமர்த்திய சென் 1977இல் ஒரு கட்டுரை எழுதினார். உளவியல் ஆய்வுகளின் வழியே மனிதர் முடிவெடுக்கும் முறையை ஆராய்ந்த டேனியல் கானமனுக்கு 2002இல் அப்பரிசு கிடைத்தது. பொதுக்காட்டையும் மீன்வளத்தையும் ஊர்மக்கள் கூடித் தாமே விதி வகுத்துப் பேண வல்லவர் என்று நிறுவிய எலினார் ஆஸ்ட்ரம் 2009இல் அதனைப் பெற்றார். தேனடையில் ஒரு பகுதியை விட்டுவைப்பவர்களைப் பற்றிய ஆராய்ச்சிதான் அது. 1973இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற ஷூமாக்கரின் சிறியதே அழகு என்னும் நூல் குமரப்பாவைப் பெயர் சுட்டிப் போற்றுகிறது. தமிழகத்தில் அவர் பெயரை அறிந்தோர் அதற்கு முன்னும் மிகுதியில்லை, பின்னும் மிகுதியில்லை.

திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்த குமரப்பா, உடல்நலம் குன்றிய இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். பம்பாயில் பட்டுடையில் உலவியவரின் குடிலில் அப்போது சொல்லத்தக்க உடைமை எதுவும் இல்லை. சுவரில் காந்தியடிகளின் படம் ஒன்று இருந்தது. கூடவே, மேலாடையற்ற ஏழை உழவர் ஒருவரின் படமும் இருந்தது. முதற்படத்தில் இருப்பவர் தம் தலைவர் என்றும், மற்றப் படத்தில் இருப்பவர் தம் தலைவருக்கும் தலைவர் என்றும் வருவோரிடம் அவர் விளக்குவார்.

1960ஆம் ஆண்டு சனவரி 30 அன்று சென்னையில் குமரப்பா காலமானார். காந்தியடிகள் மறைந்த அதே நாள் அது.